தூக்குவாளியில் வந்த கஞ்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அன்புள்ள அம்மா, நாங்கள் தலைமுறை தலைமுறையாக முருகனை வழிபட்டு வரும் குடும்பத்தினர். சென்ற ஆண்டு என் தாயார் பக்கவாதத்தில் படுத்துவிட்டபோது, எதிர்வீட்டுக் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவர் நாற்பது நாட்களுக்கு மேல் காலை ஏழு மணிக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து தந்தார். நான் வேலைக்குப் போன நாட்களில் அம்மாவுக்குத் துணி மாற்றியும் விட்டார். ஒருநாள்கூட அவர் தம் மதத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு துண்டுப் பிரசுரம்கூடத் தரவில்லை. அம்மா மறைந்த பிறகு, அவர் வணங்கும் இயேசுவை அறிய வேண்டும் என்ற எண்ணம் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. வீட்டில் சொன்னபோது அண்ணன், "கஞ்சி ஊற்றியே உன்னைப் பிடித்துவிட்டார்கள்" என்று கோபப்பட்டார். ஊரிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் மதத்தின் பெயரால் நடக்கும் சண்டைகளைப் பார்த்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. எனக்கு வந்திருப்பது விசுவாசமா, வெறும் நன்றியுணர்ச்சியா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "துணி மாற்றியும் விட்டார்" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் வரியில்தான் ஒவ்வொரு முறையும் நின்றேன். தூக்குவாளியோடு தெருவைக் கடந்து வருவதை நாலு பேர் பார்ப்பார்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவளைப் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த துணியை உருவி, துடைத்துவிட்டு, வேறு துணி உடுத்திவிடுவதை யாரும் பார்ப்பதில்லை; அந்த நிலையில் இருந்த உங்கள் தாயாரால் அதை வெளியே சொல்லவும் முடிந்திராது. ஆள் பிடிக்க நினைப்பவர்கள் தேர்ந்தெடுக்கும் வேலை அதுவன்று.

ஆனாலும் உங்கள் அண்ணன்மீது வருத்தப்படாதீர்கள். "கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறியவர்கள்" என்ற பழிச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அதே சொல்லை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்தவள் நான். அவருடைய கோபத்துக்குள்ளே, அம்மா போன ஆண்டிலேயே தங்கையும் வேறு வீட்டுக்காரியாகிவிடுவாளோ என்ற அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லுங்கள். கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு நேர்ந்தது புதிதன்று. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தின் தென்பகுதியில் பக்கோமியுஸ் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய பெற்றோர் அந்நாட்டின் பழைய தெய்வங்களை வழிபட்டவர்கள். உரோமைப் பேரரசைக் கூறுபோட்டுக்கொண்டு அரசர்கள் ஒருவரோடொருவர் மோதிய காலம் அது. ஏறத்தாழ 312ஆம் ஆண்டில், இருபது வயதை ஒட்டிய அவரைக் கட்டாயமாகப் படைக்குப் பிடித்து, மற்ற இளைஞர்களோடு நைல் நதியில் படகேற்றி, இன்றைய லக்சர் நகரம் இருக்கும் இடத்தில், ஓடிவிடாதபடி சிறையில் பூட்டிவைத்தார்கள். அன்று மாலை அவ்வூர்க்காரர்கள் சிலர் அப்பமும் உணவும் கொண்டுவந்து, முன்பின் அறியாத அந்த இளைஞர்களை வற்புறுத்தி உண்ணச் செய்தார்கள். "யார் இவர்கள்? நம்மை அறியாத இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று பக்கோமியுஸ் உடனிருந்தவர்களிடம் கேட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள் என்றும், அந்நியர் உட்பட எல்லாருக்கும் நன்மை செய்பவர்கள் என்றும் பதில் வந்தது. அந்த மாலைக்கு முந்திய மாதங்களில்தான் அதே அரசு எகிப்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றிருந்தது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். தங்களைத் துன்புறுத்திய அரசின் படைக்கு இழுத்துச் செல்லப்படும் பிள்ளைகளுக்கு அவர்கள் சோறிட்டார்கள்.

பக்கோமியுஸ் அன்றே மதம் மாறிவிடவில்லை. விடுதலை கிடைத்தால் மனிதருக்குப் பணி செய்வேன் என்று, தாம் இன்னும் அறியாத அந்தக் கடவுளிடம் சிறைக்குள் வேண்டிக்கொண்டார். போர் முடிந்து விடுவிக்கப்பட்ட பிறகு ஒரு சிற்றூரில் தங்கி, கற்று, திருமுழுக்குப் பெற்றார். அவ்வூரில் கொள்ளைநோய் வந்தபோது, நோயாளிகளுக்கு விறகு வெட்டிச் சுமந்து கொடுத்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. தமக்கு வந்த அப்பத்தை அவர் விறகாகத் திருப்பிக் கொடுத்தார்; அப்பம் தந்தவர்களுக்கே கொடுக்கவில்லை, நோயுற்றுக் கிடந்த வேறு யாருக்கோ கொடுத்தார். பின்னாளில் நைல் கரையில் தபென்னிசி என்ற இடத்தில் துறவியர் கூடிவாழும் இல்லத்தைத் தொடங்கிய அவர், கூட்டுத் துறவு வாழ்வுக்குத் தந்தையாக இன்றும் போற்றப்படுகிறார்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் கைதியான டச்சுப் படைத் தலைவர் டிலனாய், பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் அதிகாரியானார். அரண்மனைப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, கால்நடைகள் மடிந்து, உடைமை அழிந்து, மனமுடைந்து கிடந்தபோது அவரருகே உட்கார்ந்து ஆறுதல் சொன்னவர் அந்த அந்நியர்தாம். அனைத்தையும் இழந்த யோபுவின் கதையை அவர் சொன்னார். தாமும் கப்பல், படை, நாடு எல்லாவற்றையும் இழந்தவர் என்பதால் அந்தக் கதையைச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன நீலகண்ட பிள்ளை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியிலுள்ள காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இத்தனைக்கும் தொடக்கம், துயரத்தில் இருந்தவனோடு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பேசியதுதான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நன்றி, உங்களுக்குக் கஞ்சி தந்த அந்த அம்மாவை நோக்கிப் போகும். விசுவாசமோ, அந்த அம்மா யார்முன் முழந்தாளிடுகிறாரோ அவரை நோக்கிப் போகும். இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன, அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். ஒன்று எண்ணிப் பாருங்கள். நாளைக்கே அந்த அம்மா ஏதோ ஒரு சிறு காரணத்துக்காக உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போய்விட்டால், அப்போதும் இயேசுவை அறிய வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்குள் இருக்குமா? இருக்கும் என்றால் அது நன்றியைக் கடந்து போய்விட்டது. இருக்காது என்றால் காத்திருங்கள், அதில் குற்றம் ஒன்றுமில்லை. செய்ந்நன்றிக் கடனைத் தீர்ப்பதற்காக மட்டும் திருமுழுக்குப் பெறாதீர்கள். அந்த அம்மா உங்களைக் கடனாளியாக்க நினைத்திருந்தால் நாற்பது நாளில் ஒரு நாளாவது அதைக் காட்டியிருப்பார்.

மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குங்கள். நான்கு நற்செய்திகளுள் அதுவே சிறியது. அருகிலுள்ள பங்குத்தந்தையைப் பார்த்தால், அவரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்; வளர்ந்தவர்களுக்கான திருமுழுக்கு ஆயத்தம் பல மாதங்கள் நீள்வது, இடையில் வேண்டாம் என்று திரும்பிப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. அம்மாவின் ஆண்டு நினைவு நாளில் அண்ணனோடு வீட்டில் நில்லுங்கள். அம்மா வணங்கிய முருகன் படத்தை வைத்து யாரோடும் வாக்குவாதம் செய்யாதீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடம், "நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று பக்கோமியுஸைப் போல நேராகக் கேளுங்கள். அவர் சொல்லத் தெரியாமல் திணறினாலும் திணறலாம். அந்தத் திணறலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நற்செய்தியை அறிவிப்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. வாய் திறவாமல் உதவி மட்டும் செய்துகொண்டிருப்பது, காலத்துக்கு அஞ்சிய கோழைத்தனம் ஆகாதா? எங்கள் குழு நடத்தும் இலவச மருத்துவ முகாமில் பிரசுரங்கள் வழங்கலாமா?
மறைக்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பிரசுரத்தை நீட்டாதீர்கள். நோயாளி அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். மறுக்க முடியாதவனிடம் பேசுவது அறிவித்தல் ஆகாது.

இதைப் பற்றி, கிறிஸ்தவத்தை வெறுத்த ஓர் அரசரிடமிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம். உரோமைப் பேரரசர் ஜூலியன், பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றவர். 362ஆம் ஆண்டையொட்டி, கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரிக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. யூதரில் பிச்சையெடுப்பவர் ஒருவருமில்லை என்றும், இந்தக் 'கலிலேயர்கள்' (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளைக் காப்பதோடு நம்முடைய ஏழைகளையும் காக்கிறார்கள் என்றும், நம்மவர்க்கோ நம்மிடமிருந்து உதவி கிடைக்காதது வெட்கக்கேடு என்றும் அதில் எழுதியிருந்தார். ஊர்தோறும் சத்திரங்கள் அமைக்கச் சொன்னதோடு, அதற்கென ஆண்டுதோறும் தானியமும் திராட்சை இரசமும் ஒதுக்கினார். ஏழைகளுக்கு நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்தவர்களின் இரக்கத்தை, ஆட்களைச் சேர்த்துத் தரும் ஓர் உபாயமாக அவர் கண்டார், அந்த உபாயத்தை நாமும் கைக்கொள்வோம் என்று திட்டமிட்டார். இன்று நம்முடைய குழுக்கள் சில, "இத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம், இத்தனை பேர் முடிவெடுத்தார்கள்" என்று அறிக்கை எழுதும்போது, நாம் பின்பற்றுவது இயேசுவையா ஜூலியனையா என்று எனக்கு உண்மையிலேயே கவலை வருகிறது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று கற்பித்தவரின் பெயரால் அந்த அறிக்கைகள் எழுதப்படுகின்றன.

வாய் திறக்க வேண்டிய நேரம் எது என்று கேட்கிறீர்கள். உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிற எவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், அதையும் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள் என்று பேதுருவின் முதல் திருமுகம் அறிவுறுத்துகிறது. கேட்கிறவருக்குச் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். சிறையில் பக்கோமியுஸ் கேட்டார், சொன்னார்கள். யாரும் கேட்காமலே இருக்கிறார்கள் என்றால், அவர்களைக் கேட்க வைக்கும் எதையும் நாம் இன்னும் செய்யவில்லை என்று பொருள். அந்த இடத்தைப் பிரசுரத்தால் நிரப்ப முடியாது.

யாருமே கேட்காமல் போனாலும் இரக்கம் வீணாவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் மலைப்பகுதியிலுள்ள லெ ஷம்போன் என்ற சிற்றூரும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும், நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களை வீடுகளிலும் பண்ணைகளிலும் பள்ளிகளிலும் ஒளித்துவைத்துக் காத்தன. அவ்வூர்ப் புரட்டஸ்தாந்து போதகர் அந்திரே துரோக்மேயின் உறவினரான இளைஞர் தானியேல் துரோக்மே, தம் பொறுப்பில் இருந்த மாணவர்களோடு கைதாகி, 1944இல் மைதானெக் வதைமுகாமில் இறந்தார். அவ்வூர் மக்கள் யூதர்களை யூதர்களாகவே காத்தார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல உங்களுக்கும் மனம் வராது என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பங்கில் ஒரே கோவிலில் பூசை பார்க்கிறோம், ஆனால் தேர் ஒரு தெருவுக்கு வரும், இன்னொரு தெருவுக்கு வராது. கல்லறையிலும் அதே கதை. நான் கோவிலுக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. திருச்சபையே சாதியால் பிளவுபட்டிருக்கும்போது அன்பைப் பற்றி எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?
முன்னாள் பீடச்சிறுவன், திருச்சி மாவட்டம்

பதில்: கூச்சமாகத்தான் இருக்கிறது, தம்பி. உங்கள் கேள்வியைச் சுருக்காமல் அச்சிட வேண்டும் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

மேலே எழுதிய வடக்கன்குளத்துக்கே திரும்பிப் போவோம். தேவசகாயம், சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியது அவருக்கு வந்த துன்பங்களுக்கு ஒரு காரணமாயிருந்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோவிலில், இரு சாதியினர் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தை நோக்கி நிற்கும்படி இரண்டு கைகளாகக் கூடங்கள் அமைத்து, நடுவில் தடுப்பும் வைத்தார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட ஒரு மறைசாட்சியின் ஊரில் அது நடந்தது என்பதை எழுதவே கை கூசுகிறது. 1910இல் இயேசு சபைக் குருக்கள் அந்தத் தடுப்பை அகற்றினார்கள். அதை எதிர்த்து ஒரு தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, அங்கும் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. தடுப்பை வைத்தவர்களும் ஞாயிறு தவறாமல் பூசை பார்த்தவர்கள்தாம், அகற்றியவர்களும் அதே பூசையை நிறைவேற்றியவர்கள்தாம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பூசை பார்த்துவிட்டதாலேயே ஒருவருக்கு இரக்கம் வந்துவிடுவதில்லை.

நீங்கள் மீண்டும் கோவிலுக்குப் போக வேண்டும் என்று இப்போது கேட்க மாட்டேன். தேர் வராத தெருவில் இருப்பவரிடம், பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பொறுப்பு தேர் இழுப்பவர்களுடையது, இந்தப் பதிலின் பாதி அவர்கள் படிப்பதற்காகவே எழுதப்பட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன். சிறு வயதில் உங்களைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் யார்? அப்பாவா, பாட்டியா, கோவில்பிள்ளையா? அந்த மனிதர் இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள். மணியை எப்போது அடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியவரிடம் உங்கள் கோபத்தைச் சொல்லுங்கள். அவருக்கும் அதே கோபம் இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் இந்துக் குடும்பம், பத்து ஆண்டுப் பழக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரம் கொடுப்போம். அவர்கள் பொங்கலும் கொழுக்கட்டையும் தந்தால், படைத்ததாக இருக்குமோ என்று பயந்து, வாங்கி வைத்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடுவேன். இது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சென்ற கிறிஸ்துமஸில் எங்கள் தட்டை வாங்காமல் கதவைச் சாத்திவிட்டார் அந்த அக்கா. இன்னும் பெரிய தட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்கட்டுமா?
இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம், சகோதரி. தட்டின் அளவில் இந்தக் காயம் ஆறாது. பத்து ஆண்டுகளாக நீங்கள் கொடுக்க மட்டும் செய்தீர்கள், வாங்கவில்லை. நம் ஊர் வழக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் அல்லவா. வாங்கியதைக் கீழே வைத்துவிடுவது அதைவிடப் பெரிய வெறுமை.

படைத்த உணவைப் பற்றிய உங்கள் தயக்கத்தை நான் எளிதாக எண்ணவில்லை. அது கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கும் இருந்தது. பிற சமயத்தவர் விருந்துக்கு அழைத்து, நீங்கள் போக விரும்பினால், முன்வைப்பதை மனச்சான்றை முன்னிட்டுக் கேள்வி எதுவும் கேட்காமல் உண்ணுங்கள் என்றுதான் திருத்தூதர் பவுல் அவர்களுக்கு எழுதினார். படையல் என்றே தெரிந்து உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால், அதை அந்த அக்காவின் முகத்துக்கு நேரே அன்பாகச் சொல்லியிருக்கலாம்; அவர் உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். பின்னால் யாருக்கோ கொடுத்ததுதான் அவரைக் குத்தியிருக்கிறது.

1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தால் நம் மாவட்டம் இரண்டுபட்டுக் கிடந்த நாட்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்போது நான் கைக்குழந்தைக்காரி. கடைகள் அடைத்துக் கிடந்தன; குழந்தைக்குப் பால் இல்லை. அந்தி சாய்ந்த பிறகு, கொல்லைப்புற வேலியின் கிளுவைக் கம்புகளை விலக்கிக்கொண்டு ஒரு கை செம்பை நீட்டியது. பக்கத்து வீட்டு அக்காவின் கை. விளக்குக்குத் திரி திரித்த எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் செம்பின் விளிம்பிலும் இருந்தது. "சத்தம் காட்டாதே, பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடு" என்றார். ஐந்து நாள் அந்தச் செம்பு வந்தது. பிறந்தது முதல் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த நான், கள்வர் கையில் அகப்பட்டவனை அந்நிய இனத்துச் சமாரியன் ஒருவன் காப்பாற்றும் இயேசுவின் உவமையில் அதுவரை என்னைச் சமாரியனாகவே வைத்துப் பார்த்திருந்தேன். வழியில் விழுந்து கிடப்பவளாக, யாருடைய கையையோ எதிர்பார்த்து அதைப் படித்தது அந்த வாரத்தில்தான். அந்த அக்கா கடைசி வரை தம் தெய்வத்தையே வணங்கினார். என் விசுவாசத்துக்கு வேர் விட்டவர்களில் அவரும் ஒருவர்.

யோவான் நற்செய்தியில் சமாரியப் பெண்ணை இயேசு கிணற்றடியில் சந்திக்கிறார். யூதர்கள் சமாரியரோடு பழகாத காலம் அது. அவர் அவளுக்கு எதையும் கொடுத்துப் பேச்சைத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுடைய குடத்திலிருந்து தாம் குடிக்கத் தயார் என்பதே அவர் முதலில் சொன்ன செய்தி. தனிக் குவளை வைத்துப் பழகிய நம் நாட்டில் அதன் கனம் யாரும் விளக்காமலே நமக்குப் புரியும்.

ஆகவே பலகாரத் தட்டு இப்போதைக்கு வேண்டாம். ஒரு காலை நேரத்தில், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அக்கா வீட்டுப் புறவாசலில் போய் நின்று, நாலு ஈர்க்கு கறிவேப்பிலை கேளுங்கள்.